அடுப்பு எத்தனை?

மருமகள் கரண்டித் தண்ணீரை மாமனாரின் உதட்டில் வைத்தபோது அவர் வலது கை ஓயாமல் படுக்கை விரிப்பில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. ஒரு வரி போகும். நிற்கும். விரல் இடப்பக்கம் திரும்பி வந்து அடுத்த வரியைத் தொடங்கும். பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று, மீதி தாடை வழியாக வழிந்தது. அவள் துண்டால் ஒற்றி எடுத்தாள்.

"எழுதுறாரு பாரு," என்றாள் மாமியார் கட்டில் ஓரத்திலிருந்து. "சாகப்போற நேரத்துலயும் உத்தியோகம் விடல."

இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நிம்மதியாகத்தான் இருந்தார். மற்றவர்கள்தான் இல்லை.

மாமனாரின் உத்தியோகம் விசித்திரமானது. அரசாங்கத்துக்காக வீடு வீடாகப் போய், மாதம் மளிகைக்கு எவ்வளவு ஆகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, சோப்பு எவ்வளவு. முப்பது வருஷம் இதைக் கேட்டே தலை நரைத்தார். தெருவில் அவருக்கு 'எவ்வளவு சார்' என்று பெயர். அது அவர் காதிலும் விழும். கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆள் எண்ணிக்கையில பொய் சொல்லுவாங்க, வருமானத்துல பொய் சொல்லுவாங்க. அரிசியில மட்டும் பொய் சொல்ல வராது" என்பார், ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு வேறு வீடு இல்லாமல் போனதால் சொந்த வீட்டில் கேட்க ஆரம்பித்தார். அங்கேதான் வினை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாசம் அஞ்சு லிட்டர் எண்ணெயா? நாலரை பேருக்கு அது அதிகமாச்சே" என்றார். பேத்தி அப்போது சின்னவள், அவர் கணக்கில் அரை ஆள். அவர் யாரையும் குத்திச் சொல்லவில்லை, சராசரியைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சமைத்தவள் மருமகள். மகன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"என் பொண்டாட்டி ஊத்துற எண்ணெய்க்கு அரசாங்கக் கணக்கு பாக்குறீங்களா?"

பேச்சு வளர்ந்தது. பழைய சமாச்சாரமெல்லாம் தூசி தட்டிக்கொண்டு வெளியே வந்தது. அடுத்த வாரமே மகன் ஓர் அடுப்பை வாங்கி மாடிக்கு ஏற்றினான். அப்பா தடுக்கவில்லை. "அடுப்பு ரெண்டானா குடும்பமும் ரெண்டு. எங்க ஆபீஸ் விதி அதுதான்" என்று மட்டும் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால்கூடக் காலப்போக்கில் ஆறியிருக்கும். சில மாதம் கழித்து, அவருடைய பழைய ஆபீசிலிருந்தே ஒரு பெண் கணக்கெடுக்க வந்தாள். "உங்க வீட்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ரெண்டு" என்றார். வேலைக்குக் கிளம்பிய மகன் மாடிப்படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அப்பனும் பிள்ளையும் பேசவில்லை. இப்போதும் மகன் மருந்து வாங்கி வருவான், டாக்டரிடம் பேசுவான், வாசலோடு சரி. அறைக்குள் கால் வைக்கவில்லை.

எல்லாம் தான் ஊற்றிய எண்ணெயால் வந்தது என்ற எண்ணம் மருமகளை விட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் சட்டியில் எண்ணெய் ஊற்றும்போது, பாட்டில் சாய்ந்த உடனே கை தானாகப் பின்னுக்கு இழுக்கும். இந்த மனிதர் இப்படியே போய்விட்டால் அந்தக் கை ஆயுசுக்கும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதில் ஆண்கள் இருவரிடமும் மறைத்து வைத்த ஒரு கூத்து இருந்தது. மாடி அடுப்பில் பால் காயும், முட்டை வேகும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் கீழே, மாமியாரின் பெரிய பாத்திரத்தில்தான். மருமகள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். மதியம் வீட்டுக்கு வந்து, மாமனார் கண்ணயரும் நேரம் பார்த்து பாத்திரங்களை மாடிக்குக் கடத்துவாள். மாதச் சாமான் இரண்டு பேர் பணத்திலும் ஒன்றாகத்தான் வந்து இறங்கும். இது தெரியாமல் அவள் புருஷன், "தனியா வந்தப்புறம்தான் உன் சமையல் எங்கம்மா சமையல் மாதிரி வருது" என்று ஒருநாள் பாராட்டினான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் இதைச் சொன்னபோது மாமியார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பருப்பெல்லாம் தரையில் கொட்டியது.

விரல் எழுதுவதை நிறுத்தியது. மாமனார் கண் திறந்து மனைவியைப் பார்த்தார். பார்வை தெளிவாக இருந்தது, ஆனால் அடையாளம் தெரிந்த பார்வை இல்லை.

"வணக்கம்மா," என்றார். "அஞ்சு நிமிஷம்தான். உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

கட்டிய நாள் முதல் அவர் மனைவியை 'நீங்க' என்று சொன்னதில்லை. மாமியார் மருமகளைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க சார்," என்றாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர்," என்றாள் பழக்கத்தில்.

விரல் எழுதியது. "மாசம் அரிசி எவ்வளவு?"

"இருவத்தஞ்சு கிலோ."

விரல் நின்றது. அதே சமயம் வாசலில் நிழல் விழுந்தது. மகன் மருந்துப் பையோடு வந்து நின்றிருந்தான்.

"ரெண்டு பேருக்கா?" என்றார் பெரியவர்.

"ஆமாங்க."

"எண்ணெய்?"

"அஞ்சு லிட்டர்."

அவர் உதடு லேசாக விரிந்தது. எத்தனையோ வீட்டு வாசல்களில் சிரித்த சிரிப்பாக இருக்க வேண்டும். வீட்டில் அதை யாரும் பார்த்ததில்லை. "பயப்படாதீங்கம்மா. இது வரி போடுறதுக்கு இல்ல. நீங்க சொல்றத நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். வீட்ல அடுப்பு எத்தனை?"

வாசலில் மருந்துப் பை சரசரத்தது. இத்தனை நாள் இரண்டு பெண்களும் பொத்திப் பொத்திக் காத்தது இப்போது இரண்டு ஆண்களுக்கும் நடுவில் வந்து நின்றது. மாமியார் மகனைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுதான் சார்," என்றாள். "மேல இருக்கிறது சும்மா பால் காய்ச்சுறதுக்கு. சாப்பிடுறது எல்லாரும் என் கையாலதான்."

"அப்ப ரெண்டு பேர் இல்ல."

"இல்ல. அஞ்சு பேர்."

"உறவு சொல்லுங்க. குடும்பத் தலைவர்லேருந்து."

"என் வீட்டுக்காரர். அப்புறம் நான்." அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனாள். "எங்க பையன். மருமக. பேத்தி."

"பேத்தி சின்னப் பிள்ளையா?"

"இப்ப முழு ஆளு சார். சாப்பாட்டுல எங்க எல்லாரையும் தோக்கடிப்பா."

விரல் விரிப்பில் ஒவ்வொரு கோடாக இழுத்தது. இரண்டு கோட்டுக்குப் பிறகு தயங்கியது. "பையன் இங்கதான் சாப்பிடுறாரா? நிச்சயமா? சில பேர் சும்மா சேத்துச் சொல்லுவாங்க." கண்கள் வாசலுக்குப் போயின. "தம்பி, நீங்க யாரு?"

மருமகள் புருஷனின் காதைப் பார்த்தாள். கோபம் வந்தால் அவள் புருஷனுக்கு முதலில் காது சிவக்கும். இப்போது அது சிவக்கவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மூன்று வருஷத்துச் சாப்பாட்டையும் ஒரு நொடியில் திரும்பச் சாப்பிட்டவன் போல நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"மகன் சார்," என்றான். "இங்கதான் சாப்பிடுறேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

மூன்றாவது கோடு விழுந்தது. நான்கு. ஐந்து. அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"மொத்தமா மாசம் எவ்வளவும்மா ஆகுது?"

"பன்னெண்டாயிரம்," என்றாள் அவள். புருஷன் முன்னால் அந்த எண்ணை அவள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். உதடு மட்டும் அசைந்தது. வெகுநேரம் ஆயிற்று, தூங்கிவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றார். "அஞ்சு பேருக்கு அஞ்சு லிட்டர். எண்ணெய் ஒண்ணும் அதிகமில்ல."

மருமகள் கரண்டியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே எந்த வேலையும் இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். குழாய்ச் சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது மகன் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் வலது கையைப் பிடித்திருந்தான். அது இப்போது எதையும் எழுதவில்லை. வெயில் சாயும்போது மூச்சு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்திக்குச் சொல்லத்தான் எல்லோரும் பயந்தார்கள். அவள் வந்து தாத்தாவைப் பார்த்துவிட்டு, பையைக்கூடக் கழற்றாமல் பாட்டி மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். பழைய ஆபீசிலிருந்து அந்தப் பெண்ணும் வந்து, ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனாள்.

"மாமாவுக்கு முன்னாலயே தெரியுமா அத்தை?" என்று மருமகள் கேட்டாள், இருவரும் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது.

"முப்பது வருஷம் ஊரான் வீட்டு அரிசியக் கணக்குப் பாத்தவருக்கு, சொந்த வீட்டு மூட்டை தெரியாதா?" என்றாள் மாமியார். "நீ பாத்திரம் எடுத்துட்டுப் போற நேரமாப் பாத்து அவரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுப்பாரு. எங்கயாவது இடிச்சுச் சத்தம் வந்தா இருமுவாரு. நான்தான் தூங்குறாருன்னு உன்கிட்ட சொல்லிட்டிருந்தேன்."

சாயங்காலம் அவள் புருஷன் பால் காய்ச்ச மாடிக்குப் போனான். வெகுநேரமாகியும் வரவில்லை. அவள் போய்ப் பார்த்தாள். அவன் அடுப்பின் முன்னால் நின்றிருந்தான். கடைக்காரன் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர் அடுப்பின் நெற்றியில் அப்படியே பளபளத்துக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்தில் அதன்மேல் ஒரு எண்ணெய்த் துளிகூடத் தெறித்திருக்கவில்லை. அவன் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் சேந்து என்னை நல்லா ஏமாத்திட்டீங்க," என்றான்.

"வயிறு ஏமாறலையே," என்றாள் அவள்.

அவன் கேஸ் குழாயைக் கழற்றி, அடுப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். கீழே அம்மா எதிர்ப்பட்டாள்.

"இத எதுக்குடா இங்க கொண்டாற? இடத்த அடைக்கவா?"

"வித்துடலாம்மா. புதுசுதானே."

அவன் அதை மாடிப்படிக்கு அடியில் வைத்தான். பிறகு சமையலறை வாசலில், அவன் அப்பா வழக்கமாக நின்று எட்டிப் பார்க்கும் இடத்தில், வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதுதான். உள்ளே மருமகள் சட்டியைக் காய வைத்திருந்தாள். எண்ணெய் பாட்டிலை எடுத்துச் சாய்த்தாள். கை பின்னுக்கு இழுக்கவில்லை. எண்ணெய் நிதானமாக இறங்கிச் சட்டியின் அடி முழுவதும் பரவியது.