ஒரு மைல் உயரச் சிப்பாய்

1

இந்தக் கதையை, "மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு போர் மூண்டது" என்று தொடங்கியிருந்தேன். போர் சாப்பாட்டு மேசைமேல்தான் நடந்தது என்பதால் அடித்துவிட்டேன்.

உண்மையில் கதை கிடைத்தது ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியில். சில ஈயச் சிப்பாய்கள், அட்டையில் அச்சடித்த வரைபடம். அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால், "ஓர் அங்குலம் ஒரு மைல். சிப்பாய் தவறு" என்று எழுதியிருந்தார். அவரை எனக்குத் தெரியாது. ஆகவே ஒருவரை உண்டாக்கினேன்.

2

சேதுராமன் மலாக்கா நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர். (முதலில் ஆசிரியராக வைத்திருந்தேன். எடுத்ததற்கெல்லாம் புத்தி சொன்னார். வேலையை மாற்றிவிட்டேன்.) சீமைக்குத் திரும்பும் துரை ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது அந்தப் பெட்டியை வாங்கிவந்தார். எதிராளியின் கோட்டையைப் பிடித்தவர் ஜெயித்தவர். தினமும் மாலையில் மனைவி சிவகாமசுந்தரியோடு ஆடுவார்.

அப்போதுதான் மலாயாக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பாரம் வந்தது. சேதுராமனோ நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறி ஊரோடு போய்விடப்போவதாக அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சிவகாமசுந்தரி மலாக்காவிலேயே, தெங்கேராவில் பிறந்தவள். வரமாட்டேன் என்றாள். மூன்று வாரம் சண்டை.

"ஆடிப் பாத்துருவோம்லா," என்றாள் கடைசியில். "நீங்க ஜெயிச்சா கப்பல். நான் ஜெயிச்சா பாரம்."

3

அன்று அவருடைய ஈயச் சிப்பாய் அவள் கோட்டைக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றான். இன்னும் ஒரே நகர்த்தல். சேதுராமனின் கை நடுங்கியது, ஏனென்றால் அவர் மனத்தில்

(இல்லை, கை நடுங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தது.)

"இவன் ஒரு அங்குலம் இருக்கான், சிவகாமி. படத்துல ஒரு அங்குலம்னா ஒரு மைலு. அப்ப இவன் ஒரு மைல் உசரம்."

"இருந்துட்டுப் போறான். நகத்துங்க."

"ஒரு மைல் உசரத்துக்காரன் படத்துல இருக்க ஆத்தைத் தாண்ட நாலு தடவை எதுக்கு நகரணும்? ஒரு எட்டு வச்சாப் போதாதா? ஆட்டமே செல்லாது."

அவள் அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து, சிப்பாய் நின்ற இடத்தில் ஒரு கடுகை வைத்தாள்.

"இது?"

குனிந்து அளந்தார். "முந்நூறு அடிக்கு மேல. நம்மூரு செயின்ட் பால் குன்றை விட உசரம்."*

"இதைவிடச் சின்ன ஆளு நம்ம வீட்ல இல்லங்க."

* கணக்கைச் சரிபார்த்தேன். மனிதர் பிழை விடவில்லை.

4

முதல் முடிவில் அவர் ஜெயித்தார். பினாங்குத் துறைமுகம்வரை எழுதினேன். சிவகாமசுந்தரி கப்பலில் ஏற மறுத்துவிட்டாள். நான் எழுதிய பாத்திரம், என் பேச்சையே கேட்கவில்லை.

இரண்டாவதில் அவள் ஜெயித்தாள். அதற்கு நான் காய்களைத் திருட்டுத்தனமாக மாற்றவேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

மூன்றாவதில் அவள் கடுகை எடுத்து, சிப்பாயைப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள்.

"ஜெயிச்சிருவோமோன்னு பயந்துதானே அளக்குறீங்க?"

சேதுராமனுக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை. அது மூன்று வாரமாக அவருக்குத் தெரியும்.

"ஆபிஸ் முழுக்கச் சொல்லிட்டேனே, சிவகாமி."

அவள் பாரத்தை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, ரசம் தாளிக்கப் போனாள். அந்தக் கடுகும் சட்டியில்தான் வெடித்தது.

5

பாரம் கொடுக்க நாளை கடைசி நாள். சிப்பாய் கோட்டைக்கு ஒரு கட்டம் முன்னால் அப்படியே நிற்கிறான். அவனை நகர்த்தும் பொறுப்பை உங்களிடம் விடுகிறேன்.

ஆனால் அளவுகோல் இன்னும் சேதுராமன் கையில்தான் இருக்கிறது. நீங்கள் விரலை நீட்டினால், முதலில் அதை அளப்பார்.