எடைப்பெட்டியில் பன்னிரண்டு குழிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. தூக்குப்பாலம் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அளந்துவிட்டேன். இருப்பதோ திருத்தணியில். நந்தியாற்றில் கப்பல் வந்து நின்று வழி கேட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நல்லவேளை, கீழ்வீட்டில் சுபியா இருந்தாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள் அவள். பழைய பாலங்களின் நைந்த தாள்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். கறை, பூச்சி அரித்த ஓட்டை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக வரைந்து கொடுக்க வேண்டும். ஆறு மாதத் தற்காலிக வேலை. வரும் திங்கட்கிழமை அது நிரந்தரமாகும், அல்லது ஆகாது.

2

முதல் தொடக்கம்: ஆற்றின் மேல் பனி மூடியிருந்த அந்தக் காலையில், இரும்பு தன் நூறு வருஷத் தூக்கத்திலிருந்து

[வேண்டாம். இரும்பு தூங்காது.]

இரண்டாவது தொடக்கம்: சுபியா தன் தப்பைக் கண்டுபிடித்தது செவ்வாய்க்கிழமை, பருப்பு வெந்துகொண்டிருந்தபோது.

இது பரவாயில்லை.

3

பாலத்தை மோட்டார்தான் தூக்குகிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

"இல்லக்கா. நம்ம ரயில்வே கேட்ட பாத்திருக்கீங்க இல்ல? அந்தாண்ட முனையில கனமா ஒண்ணு வெச்சிருப்பாங்க. அதனாலதான் லேசா மேல போவுது. இங்கயும் அதே கதைதான். மோட்டாரு சும்மா தள்ளி வுடும்," என்றாள் சுபியா.

அந்தக் கனம் ஒரு பெரிய பெட்டி. பாலத்துக்குப் பெயின்ட் அடிக்க அடிக்க எடை கூடும். பலகை மாற்றினாலும் மாறும். அதனால் பழைய காலத்து எஞ்சினியர் பெட்டியில் பன்னிரண்டு குழிகள் விட்டிருந்தார். இரும்புக் கட்டிகளைப் போட்டும் எடுத்தும் பாலத்தைச் சமன் செய்துகொள்ளலாம்.*

தாளில் அவை பன்னிரண்டு குட்டிச் சதுரங்கள். பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்து சுபியா துடைத்துவிட்டாள். மேலதிகாரி கையெழுத்துப் போட்டு, படம் வேலை நடக்கும் இடத்துக்கும் போய்விட்டது. சனிக்கிழமை, பழைய பெட்டிக்குப் பதிலாக வைக்கும் புதுப் பெட்டிக்குக் கான்கிரீட் கொட்டப் போகிறார்கள், குழியே இல்லாமல். பின்பக்கம் கனத்துப் போகும். இறக்கிய பாலம் சரியாகப் படியாது. எதையும் வெளியே எடுக்கவும் முடியாது.

"நீதான் பண்ணேன்னு யாருக்குத் தெரியும்? கையெழுத்து போட்டவங்க பாத்துக்குவாங்க," என்றான் அவள் கணவன் தன்வீர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பைக் மெக்கானிக். அவள்மேல் உயிரையே வைத்திருப்பவன்.

* முழுச் சமனும் கூடாதாம். பாலத்தின் பக்கம் வேண்டுமென்றே துளி கூடுதல் கனம் விடுவார்கள், அப்போதுதான் தானாக எழாமல் கிடக்கும். இதைக் கேட்டு ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

4

சுபியா தப்பைச் சொல்லிக் கம்பெனிக்கு மெயில் எழுதினாள், அழித்தாள். புதன்கிழமையும் எழுதி அழித்தாள். வியாழக்கிழமை அழுதாள். வெள்ளிக்கிழமை...

முடிவு (அ): அனுப்பவில்லை. வேலை நிரந்தரமாகிறது. பாலத்தைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

முடிவு (ஆ): அனுப்புகிறாள். கம்பெனியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். [எந்தக் கம்பெனியில்?]

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் இதுவரை எழுதியதைச் சுபியாவிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இன்னாக்கா இது, நாலு நாளா எழுதி அழிச்சி அழுதுகினு இருக்கேன்னு எழுதியிருக்கீங்க? நான் செவ்வாக்கிழமையே அனுப்பிட்டேனே. பருப்ப எறக்கி வெச்சிட்டு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நான்கு நாளும் என்னுடையவை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

"பயமா இல்லியா?"

"ஆங், இருக்குது. கான்கிரீட்ட நிறுத்திட்டாங்களாம். எனக்குத்தான் ஒரு பதிலும் வரல. அதுக்குன்னு? அது மேல ஜனங்க போவாங்க இல்லக்கா?"

கிரைண்டர் மேல் வைத்திருந்த அவள் போன் அதிர்ந்தது. இருவரும் பார்த்தோம். கம்பெனியின் பெயரில் ஒரு மெயில். சுபியா கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை.

"நீங்க மேல போங்கக்கா. இத நான் தனியா படிக்கிறேன்."

போய்விட்டேன்.

6

[                    ]

இங்கே நான் கான்கிரீட் கொட்டவில்லை. குழி காலியாக இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறதோ அதை வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பாவம், அவளை மறுபடியும் அழவைத்துவிடாதீர்கள்.