அறுபத்திரண்டு சதவீதம் நெறஞ்சிருக்கு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. என் கார் நின்றுபோனதால் கிடைத்தது. கேஸில் ஓடும் பழைய கார். டேஷ்போர்டில் நான்கு பச்சை விளக்கும் எரிகிறது, அதாவது டேங்க் நிறைய கேஸ் இருப்பதாக அது சத்தியம் செய்கிறது. அரியக்குடி தாண்டியதும் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. கட்டி இழுத்துக்கொண்டு காரைக்குடியில் ஒரு கேஸ் ஏஜென்சிக்கு வந்தேன், சண்டை போடும் உத்தேசத்தில்தான். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என் புலம்பலை முழுக்கக் கேட்டாள். "ஒங்களுக்குக் காருதான சார் நின்னுச்சு" என்று ஆரம்பித்து, தனக்கு நடந்ததைச் சொன்னாள். கீழே இருப்பதில் பாதி அவள் சொன்னது, பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி எதுவென்று இப்போது எனக்கே பிடிபடவில்லை.

2.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

"கீழச்சிவல்பட்டி மாளிகையில் அன்று கல்யாணம். ஆனால் அடுப்பில்

வேண்டாம். 'ஆனால்' போட்டதுமே அடுப்பு அணைந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அணைந்ததா இல்லையா என்பதுதானே கதையே.

இன்னொன்று: "யோகலட்சுமி பயந்த சுபாவம் கொண்ட

அதுவும் பொய். அவள் நாலு பேரை மிரட்டி வேலை வாங்குகிறவள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் பெண்தான் யோகலட்சுமி. அவளுக்கு டேங்குகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவளுடைய ஏஜென்சி சுற்றுவட்டார ஹோட்டல்களுக்கும் மடங்களுக்கும் பெரிய கேஸ் டேங்க் வைத்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு டேங்கின் தலையிலும் ஒரு முள் உண்டு. உள்ளே மிதவை இறங்கினால் முள்ளும் இறங்கும். முள்ளோடு ஒட்டிய சின்னப் பெட்டி அந்த அளவைக் காரைக்குடிக்கு அனுப்பும், அது திரையில் சதவீதமாகத் தெரியும். குறைந்தால் லாரியை அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் உத்தியோகம். ஊர் ஊராக அடுப்பு எரிவது தன்னால்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

கீழச்சிவல்பட்டியில் தேனம்மை ஆச்சியின் மாளிகை ஹோட்டல் அவள் பிடித்துக் கொடுத்த வாடிக்கை.*

(* ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். செட்டியார் வீட்டுப் பெண்கள் எந்த வயதிலும் ஆச்சிதான். இவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் அறை விடுகிறவர்.)

சிலிண்டரே போதும் என்று சொன்ன ஆச்சியைப் பேசிப் பேசிக் கரைத்தது யோகலட்சுமிதான். முள் பொய் சொல்லாது, கேஸ் குறைவது உங்களுக்குத் தெரிவதற்கு முந்தி எனக்குத் தெரியும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். மகள் ஜனனிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஆச்சியே ஏஜென்சிக்கு வந்து பத்திரிகை வைத்தார். வைத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "கல்யாணத்துல அடுப்பை ஒன்னைய நம்பித்தான் விட்டிருக்கேன், யோகம்."

3.

கல்யாணத்தன்று காலை திரையில் அந்த டேங்க் அறுபத்திரண்டு என்று காட்டியது. முந்தின நாளும் அறுபத்திரண்டுதான். அதற்கு முந்தின நாளும். உறவுக்காரர்கள் வந்து இறங்கி மூன்று வேளையும் இலை விழுகிற வீட்டில், சமைக்கச் சமைக்கக் குறையாத கேஸ் ஏது? மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறது. முள் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பம். அங்கே பக்தர்களுக்குச் சோறு போடும் ஒரு மடத்தின் டேங்க் பதினான்குக்கு இறங்கியிருந்தது. அந்த முள் ஒழுங்காக நகர்கிற முள். தெப்பக் கூட்டத்துக்காகப் பத்து மணிக்கு மேல் பெரிய வண்டிகளை அந்த ரோட்டில் விடமாட்டார்கள்.

லாரி ஒன்றுதான். மதுரைப் பக்கமிருந்து வந்து திருப்பத்தூரில் நிற்கிறது. டிரைவர் சின்னக்கருப்பு லாரியின் சொந்த முள்ளைப் பார்த்துவிட்டு, ஒரு இடத்துக்குத்தான் காணும் என்று சொல்லிவிட்டார். வடக்கே திரும்பினால் கீழச்சிவல்பட்டி, தெற்கே திரும்பினால் திருக்கோஷ்டியூர்.

"எங்குட்டு ஆத்தா போக?"

"செத்த நில்லுங்கண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்று அவரை லைனிலேயே நிறுத்திவிட்டு, இன்னொரு ஃபோனில் கல்யாண வீட்டைக் கூப்பிட்டாள். நல்ல காலம், ஆச்சியே எடுத்தார்.

"ஆச்சி, டேங்குல கேஸு எப்படி இருக்கு?"

"நெறஞ்சிருக்கு, யோகம்."

4.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவள் அதற்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லக்கூடாது. நெறஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு, மஞ்சள், குங்குமம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். இல்லை என்ற சொல் காதில் விழுந்தால் மகாலட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். யோகலட்சுமியின் அம்மா அடுப்படியிலிருந்து "அரிசி நெறஞ்சிருக்கு" என்று குரல் கொடுத்தால், அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

அரிசிக்குச் சரி. கேஸுக்கு?

அவர்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் "சனியன் தீந்துபோச்சு" என்றுதான் சொல்வார்கள், மகாலட்சுமி அங்கேயே இருந்தாலும். ஆனால் இது செட்டியார் வீடு, அதுவும் முகூர்த்த நாள். கல்யாணத்தன்று அடுப்படியில் இருக்கிற எதற்குமே இல்லை சொல்லமாட்டார்களோ? அல்லது முள்ளைப் பார்த்துவிட்டு, அறுபத்திரண்டு இருக்கே என்று நல்ல தமிழில்தான் சொல்கிறாரோ? முழுக்க இருக்கிறது என்றாலும் இந்த வார்த்தைதான், சுத்தமாக இல்லை என்றாலும் இதே வார்த்தைதான்.

(முதல் பிரதியில் எனக்கு ஆச்சி மேலேயே சந்தேகம் வந்தது. இணையத்தில் வியாபாரம் செய்கிறவர் இப்படிப் பேசுவாரா என்று அவரை எடுத்துவிட்டு ஒரு சமையல்காரரை வைத்தேன். அவர் பளிச்சென்று "காலி" என்று சொல்லிவிட்டார், கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது. ஆச்சியையே திரும்பக் கூப்பிட்டேன்.)

காலியா என்று நேராகவே கேட்டிருக்கலாமே? முகூர்த்த நாளில், பெண்ணைப் பெற்றவளிடம், அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல யோகலட்சுமிக்கு நாக்கு எழவில்லை. சுற்றி வளைத்தாள். அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டாள், நல்லாத்தான் எரியுது என்றார் ஆச்சி. அதில் ஒன்றும் தெரியாது என்று அவளுக்கே தெரியும். டேங்க் கேஸுக்கு அப்படி ஒரு குணம். அடியில் கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை அடுப்பு நிறைந்த டேங்க் போலவே எரியும், பிறகு சட்டென்று நின்றுவிடும்.

"லாரியை வரச் சொல்லவா ஆச்சி?"

"வாங்க, வாங்க. எல்லாருமா வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

கல்யாண வீட்டில் வராதே என்று யாராவது சொல்வார்களா? கேள்வியே தப்பு என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த நேரம் பார்த்து ஃபோனில் சங்குச் சத்தம் கேட்டது. செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் சங்கு மங்கலம். யோகலட்சுமியின் ஊரில் சங்கு ஊதுவது இழவு வீட்டில்.

5.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும்.

லாரி கீழச்சிவல்பட்டி போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாதா? அதற்குள் பத்து மணி ஆகிவிடும். சமைத்த கணக்கை வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாதா? கழித்தாள். விருந்தாளிகள் எத்தனை பேர், எத்தனை தடவை காபி என்று யாருக்குத் தெரியும்? ஒரு கணக்கில் பாதி டேங்க் வந்தது, இன்னொரு கணக்கில் ஒன்றுமே வரவில்லை. நிறைந்த டேங்கில் மேலும் ஏற்றினால் வெடித்துவிடாதா? வெடிக்காது. டேங்கின் தலையில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஏற்றும்போது அதைத் திறந்து வைத்தால், அளவு எட்டியதும் வெள்ளையாகப் பீய்ச்சும், நிறுத்திவிடலாம். அந்தத் திருகுக்கு நிறைந்ததை மட்டும்தான் சொல்லத் தெரியும், மிச்சம் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. வெடிக்கும் என்று காத்திருந்தவர்கள் மன்னிக்கவும். இந்தக் கதையில் ஒன்றும் வெடிக்காது, அடுப்பு அணையலாம், அவ்வளவுதான்.

6.

முடிவுகள். எல்லாமே எழுதிப் பார்த்தவை.

லாரி கீழச்சிவல்பட்டி போகிறது. டேங்க் வறண்டு கிடக்கிறது. சின்னக்கருப்பு ஏற்றுகிறார், மத்தியானப் பந்தி நடக்கிறது, ஆச்சி யோகலட்சுமியைக் கூப்பிட்டு

(மடத்தில் இலை போட்டுக் காத்திருப்பவர்களை யார் கேட்பது?)

லாரி கீழச்சிவல்பட்டி போகிறது. டேங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. இங்கே தேவையில்லை, அங்கே ரோட்டை அடைத்துவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே அவள் மேல் கோபம் வந்தது, கிழித்துவிட்டேன்.

லாரி திருக்கோஷ்டியூர் போகிறது. மடத்தில் சோறு கொதிக்கிறது. கீழச்சிவல்பட்டியில் சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார, அடுப்பு ஒருமுறை சிமிட்டி

முடிக்க மனம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை எழுத என்னால் ஆகாது.

யோகலட்சுமிக்கு இப்படிக் கிழித்துப் போட வசதி இல்லை. ஒரு காதில் சின்னக்கருப்பு, ஒரு காதில் சங்கு. நம்பித்தான் விட்டிருக்கேன் என்ற குரல் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆச்சியின் ஃபோனை வைத்தாள். சின்னக்கருப்பிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அங்குட்டே போங்கண்ணே."

சரி ஆத்தா என்று அவர் வண்டியை எடுத்துவிட்டார். அவருக்குப் புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை. திருப்பத்தூரில் நிற்கிறவருக்குக் காரைக்குடியில் உட்கார்ந்திருப்பவள் சொல்லும் அங்குட்டு எது?

கேட்பதற்குள் என் கார் ரெடி என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

7.

இதற்கு மேல் இழுக்க முடியாமல் இன்று காலை அவளுக்கே ஃபோன் செய்தேன். எங்குட்டு அனுப்பினீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. ஆச்சி வீட்டு டேங்கில் அன்றைக்கு உண்மையாகவே எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

"நெறஞ்சிருந்துச்சு சார்."

"எந்த நெறஞ்சிருந்துச்சு?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்" என்றாள் யோகலட்சுமி, மெதுவாக. ஃபோனை வைத்துவிட்டாள்.

காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதான். வெள்ளியும் செவ்வாயும் எங்கள் வீட்டிலும் இல்லை என்ற அந்தச் சொல் வராது. நாளைக்குக் கூப்பிட்டால் சொல்லிவிடுவாள் என்று நினைக்கிறேன். ஆனால் நாளைக்குள் கதையைக் கொடுத்தாக வேண்டும், எனக்கும் தைரியம் நெறஞ்சிருக்கு.

அதனால் நீங்களே அவளுக்கு ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை செய்யுங்கள்.