கை புடி

மஞ்சுநாத் சார் ஆரஞ்சுப் பழப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பனியனோடு இருந்தேன். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவன், சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பீரோ முன்னால் சும்மா நின்றேன். பின்வாசல் ஒன்று இருந்திருந்தால் அப்படியே இறங்கிப் போயிருப்பேன், சத்தியமாக. முதல் மாடியில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஏது பின்வாசல்.

அவர் என் மகள் ஸ்வாதிக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுப்பவர். குவெம்புநகரில் ஒரு பூங்காவை ஒட்டிய சிமென்ட் தளத்தில், வாரத்தில் இரண்டு நாள் காலை, இருபது பிள்ளைகளுக்கு வகுப்பு. ஸ்வாதிக்கு எட்டு வயது. இப்போது அவள் இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. நெற்றியில் முடி மறைக்கிற இடத்தில் ஒரு புடைப்பு, பச்சையாகிக்கொண்டு வருகிறது. விழுந்து எட்டு நாள் ஆகிறது.

எப்படி விழுந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். எலும்பு டாக்டருக்குச் சொன்னேன், நான் லேப் அட்டெண்டராக இருக்கும் கல்லூரியில் சொன்னேன், எல்லையோரத்து எங்கள் ஊரான ஹனூருக்குப் போன் போட்டு சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன். கேட்டவர்களெல்லாம் முதலில் த்சொ என்றார்கள், பிறகு சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கதை அப்படி.

கதை இதுதான். பிள்ளைகள் முதலில் சுற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மஞ்சுநாத் சார் விசில் ஊதிவிட்டு, "எல்லாரூ கை புடி" என்பார். அவர் மண்டியா பக்கத்துக்காரர். புத்தகக் கன்னடத்தில் பிடி என்று பகரத்தை அழுத்திச் சொல்வதை அந்தப் பக்கம் புடி என்பார்கள். கையை விடுங்கள் என்று அர்த்தம். இருபது கைகளும் கம்பியை விடும். ஆறு மாதமாக ஸ்வாதியும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தாள். ஹனூர்த் தமிழனான நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருவில், அவள் விழுந்துவிடுவாளோ என்று பயந்து, "புடி, புடி" என்று கத்தினேன். கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று நான் கத்த, பிள்ளை விட்டுவிட்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. டாக்டர் மாவுத் துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் பாதிக் கதை இதில் இல்லை.

என் மகளுக்குத் தமிழ் சரியாக வராததற்கும் நான்தான் காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னை 'கொங்கா' என்று கூப்பிட்டார்கள், தமிழனை இளக்காரமாகச் சொல்கிற கன்னட வார்த்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாத்தியார்கள் குறைவு. அதனால் இவள் பிறந்ததும் வீட்டில் கன்னடம்தான் என்று முடிவு செய்தேன். என் மனைவி சௌம்யா சாமராஜநகர்க்காரி, அவள் கேட்கவில்லை, இரண்டையும் கலந்து பேசுவாள். நான் கறாராக இருந்தேன். கோபமும் பயமும் வரும்போது மட்டும் வாய் என்னைக் கேட்காமல் ஹனூருக்குப் போய்விடும்.

வகுப்பில் ஸ்வாதி எப்போதும் கடைசி. மற்ற பெற்றோர்கள் காரில் வந்து, காப்பி டம்ளரோடு நின்று, தங்கள் பிள்ளைகள் பறப்பதை மொபைலில் எடுப்பார்கள். என் பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வரப்பில் நடக்கிறவள் மாதிரி வருவாள். விழுவதற்கு முதலில் பழகட்டும், வேகம் அப்புறம் தானாக வரும் என்று மஞ்சுநாத் சார் சொல்வார். முட்டியில் விழு, கையை ஊன்றாதே என்று திரும்பத் திரும்ப விழவைப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. சொந்தப் பிள்ளையை நினைத்து நான் வெட்கப்பட்டேன், இதைவிட வேறெப்படிச் சொல்வது.

அந்த ஞாயிறு சௌம்யா வேலைக்குப் போயிருந்தாள். தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், ஞாயிறுதான் அங்கே கூட்டம். போகும்போது வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனாள், ஹெல்மெட் இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று. ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக்கு, முட்டிக்கு என்று எல்லாம் அவள் தேடித்தேடி வாங்கியவை. ஒவ்வொன்றையும் பட்டை ஒட்டி மாட்ட பத்து நிமிடம் பிடிக்கும்.

ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு ஸ்வாதி என்னைப் பார்த்தாள். "அப்பா, ஹெல்மெட்?"

"நம்ம ரோடு தானே, பேடா" என்றேன், வேண்டாமென்று.

பிறகு என் சைக்கிளை எடுத்தேன். கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள், அப்பா இழுக்கிறேன், வேகம் என்றால் என்னவென்று பார் என்றேன். எங்கள் தெரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே இறங்குகிற தெரு. முதலில் மெதுவாகத்தான் போனேன். அவள் சிரித்தாள். ஆறு மாதத்தில் அந்தத் தளத்தில் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மிதித்தேன். பாதி இறக்கத்தில் வேகத்தடை இருக்கிறது. தினமும் நான் ஏறி இறங்குகிற வேகத்தடை. அதைப் பத்தடி தூரத்தில் பார்த்ததும் வாய் ஹனூருக்குப் போய்விட்டது.

நான் வேகத்தடையைத் தாண்டி, மூன்று வீடு போய்த்தான் கேரியர் லேசாக இருப்பதை உணர்ந்தேன். திரும்பினால் அவள் தாரில் கிடந்தாள். ஒரு ஸ்கேட்டின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது நான் முதலில் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாராவது பார்த்தார்களா என்று தெருவைப் பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன்.

ஆட்டோவில் மடியில் படுத்திருந்தாள். அழுகை ஓய்ந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே என் முகத்தைப் பார்த்து, "அம்மங்கே ஹேளல்லப்பா" என்றாள். அம்மாவிடம் சொல்லமாட்டேன். வேண்டாம் கண்ணு, சொல்லலாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

சௌம்யாவிடம், கேரியர் என்பதற்குப் பதிலாக, கேட்டைப் பிடித்திருந்தாள் என்று ஆனது. ஹெல்மெட் போட்டிருந்தாள், சற்று நழுவிவிட்டது என்று ஆனது. சௌம்யா நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டாள், எல்லா மொழிப் பிள்ளைகளும் வருகிற இடத்தில் வாய்க்கு வந்தபடி கட்டளை கொடுப்பதா என்று. ஐம்பது பதில் வந்தது. ஆறு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நான் ஒவ்வொரு பதிலையும் படித்தேன். ஒரு கட்டைவிரல் படம் போட்டேன், அதுதான் என் பங்கு.

"ஏனுங்க, வந்தவர நிக்க வெச்சுட்டு உள்ள என்ன பண்றீங்க" என்று சௌம்யாவின் குரல் கேட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். மஞ்சுநாத் சார் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. "புட்டி ஹேகிதாளெ சார்?" என்றார், சின்னப் பெண் எப்படி இருக்கிறாள் என்று. தேவலை என்றேன். அதற்குமேல் அவர் கன்னடத்தில் பேசியதைத் தமிழில் சொல்லிவிடுகிறேன்.

"தப்பு என்னோடதுதான் சார். என் வகுப்புல தமிழ்க் குழந்தை இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல. எங்க ஊர்ல அப்படித்தான் வாயில வரும். இனிமே ரிலீஸ்னு சொல்றேன். குழந்தைங்களுக்கும் சொல்லிட்டேன்."

"அதெல்லாம் விடுங்க சார்" என்றேன். என்ன அழகான பெருந்தன்மை எனக்கு.

சௌம்யா காப்பி வைக்கப் போனாள். கோபம் தணிந்திருந்தது, வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறவரிடம் யார்தான் கோபப்பட முடியும். அவர் அவளைக் கூப்பிட்டார். "அந்த ஹெல்மெட்டக் கொஞ்சம் குடுங்கம்மா. ஒரு தடவ அடி வாங்குன ஹெல்மெட்ட மறுபடி போடக் கூடாது. உள்ள விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் வேற ஏற்பாடு பண்றேன்."

அவள் பையையே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஹெல்மெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த தெர்மாகோலைக் கட்டைவிரலால் இடம் இடமாக அழுத்தினார். அப்புறம் மணிக்கட்டுக் காப்பை எடுத்து, உள்ளங்கைப் பக்கத்துத் தகட்டைப் பார்த்தார். சிமென்ட் தளத்தின் வெள்ளைப் பொடி அதில் அப்படியே ஒட்டியிருந்தது. தாரின் கறுப்புக் கீறல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பொடியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவோரம் நின்றிருந்த ஸ்வாதியிடம் மெதுவாகக் கேட்டார்.

"புட்டி, அன்னிக்கு எதப் புடிச்சுட்டு இருந்தே?"

ஸ்வாதி என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சுப் பையைப் பார்த்தேன்.

"கேட்" என்றாள்.

"சரி" என்றார். ஹெல்மெட்டின் பட்டையை ஒழுங்காக மடித்து உள்ளே வைத்தார். அதைச் சௌம்யாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "இத மாத்த வேண்டாம் சார். இதுக்கு அடியே படல." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன்.

சௌம்யா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பால் பொங்குகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

அவர் எழுந்தார். என்னைப் பார்க்காமல், பொதுவாக, மன்னிச்சிடுங்க என்று கும்பிட்டார். எனக்கு அந்த இறக்கம் ஞாபகம் வந்தது. அந்த வேகத்தில் வேகத்தடையின்மேல் பிள்ளை கேரியரைப் பிடித்திருந்தாலும் விழுந்திருப்பாள். இன்னும் மோசமாக, சைக்கிளும் நானும் மேலே விழ. தமிழும் காரணமில்லை, கன்னடமும் காரணமில்லை. எட்டு நாளாக எனக்கு இது தெரியும்.

அவர் வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன்.

முதுகில் சட்டை இறுகியது. ஸ்வாதி எனக்குப் பின்னால் வந்து நின்று, வலது கையால் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் கேட்காமலே அவளாகக் கொடுத்த வாக்கை எட்டு வயதுப் பிள்ளை காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"கை புடி, புட்டி" என்றேன். மஞ்சுநாத் சாரின் கன்னடத்தில், விட்டுவிடு என்றுதான் சொன்னேன்.

ஆனால் எட்டு நாளாக ஊரே சிரித்துச் சிரித்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, அப்பா புடி என்றால் விடக் கூடாது என்று. மாவுக்கட்டுக் கையையும் தூக்கிக்கொண்டு வந்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாலு விரலாலும் சேர்த்துப் பிடித்தாள். கட்டின் சொரசொரப்பு முதுகில் உரசியது.

"அன்னிக்கு சைக்கிள்ல..." என்று ஆரம்பித்தேன். பிடி இன்னும் இறுகியது.