எரிபொருள் நிரப்ப வந்த நிழல்கள்

விமானப்படைத் தளம் மூடப்பட்ட பிறகும் அங்கே விமானங்களின் நிழல்கள் தரையிறங்கிக்கொண்டுதான் இருந்தன. வானத்தில் விமானம் இருக்காது, இரைச்சலும் இருக்காது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஓடுபாதையின் மேற்கு முனையில் ஒரு கறுப்பு விழும். நீண்டு, வேகம் குறைந்து, எரிபொருள் தொட்டிகள் பக்கம் திரும்பி நிற்கும். ஊருக்கு அது பழகிப்போயிருந்தது. ஊரின் கவலை வேறு. சலவைக்காரர், ரொட்டிக்கடைக்காரர், வீடு வாடகைக்கு விட்டவர்கள் எல்லோரும் தளத்தை நம்பியே இருந்தவர்கள். அது போனதும் பாதித் தெரு பூட்டிக் கிடந்தது.

அந்த இடத்தில் தொழிற்சாலையும் குடியிருப்பும் கட்டலாமா என்று பார்த்துச் சொல்ல அரசாங்கம் இரண்டு பேரை அனுப்பியது. ஒருத்தி மண்ணையும் நீரையும் சோதிப்பவள், அதிகம் பேசாதவள். மற்றவர் வீடு வீடாகப் போய் மக்களின் பிழைப்பை விசாரிப்பவர். ஒரே வாரத்தில் ஊர் அவருக்குக் ‘கேள்வி’ என்று பெயர் வைத்துவிட்டது.

தொட்டிகளைச் சுற்றி மண் கறுத்து நாறியது. காலங்காலமாகக் கசிந்த எரிபொருள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஊர்க் கிணறுகளைத் தொட்டுவிடும். ஆனால் நிழல்கள் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் துளையிட்டு எடுத்த மண் புது மழை வாசனையோடு வந்தது. கருவியில்தான் கோளாறு என்று அவள் மறுபடி துளையிட்டாள். அதற்குள் அன்றைய முதல் நிழல் வந்து அவள்மேல் நின்றது. செருப்பைத் தாண்டிக் குளிர் ஏறியது. மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தாள். தாகமெடுத்தவர் சொம்பைத் தூக்கிக் குடிப்பதுபோல் கீழே மடக் மடக்கென்று சத்தம் கேட்டது.

அன்று கேள்வி அங்கே ஒரு தையல்காரியை அழைத்து வந்திருந்தார். படைக்குச் சீருடை தைத்தவள். அவள் கணவன் விமான மெக்கானிக். சோதனை ஓட்டத்துக்கு ஏறிப் போனவனும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. வந்து நின்ற விமான நிழலிலிருந்து ஒரு மனித நிழல் இறங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தது.

“அவர்தான். எறங்கினதும் இப்படித்தான் இடுப்பைப் பிடிச்சுப்பார்” என்றாள் தையல்காரி.

“எத்தனை வருஷமா வர்றார்?”

“நாளைக்கும் வரணுமேங்கிறதுதான் என் கவலை. வருஷத்தை யாருங்க எண்ணினா?” கேள்வி கையிலிருந்த தாளை மடித்துவைத்தார்.

மண்ணைத் தோண்டாதீர்கள், கசிந்த எண்ணெயை நிழல்கள் குடித்துக்கொண்டிருக்கின்றன என்று சோதனைக்காரி தலைமை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு பெரிய அதிகாரி கோபத்தோடு வந்து இறங்கினார். தரையில் காதை வைத்தார். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையல்காரியிடம் மட்டும் சோதனைக்காரியால் ஒன்றை மறைக்க முடியவில்லை. “அக்கா, எண்ணெய் தீர்ந்துபோனா அதுங்க வராமலே போயிடலாம். தோண்டி அள்ளினாலும் அதே கதிதான். குடிக்க விட்டா கொஞ்ச வருஷமாவது வரும்.”

தையல்காரி ஓடுபாதையைப் பார்த்தாள். “ஊருக்குக் கிணறு வேணுமே. குடிக்கட்டும்.”

வருடங்கள் போயின. புல் முளைத்தது. கிணறுகள் தப்பின. தளத்தின் கிழக்கே தொழிற்சாலை வந்தது, பூட்டிய கதவுகள் திறந்தன. நிழல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரு மதியம் அது வந்து நின்றது. மண்ணுக்குள் சத்தமே இல்லை. விமான மூக்கிலிருந்த விசிறியின் நிழல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றுபோனது. கிளம்ப எண்ணெய் இல்லை. மெக்கானிக்கின் நிழல் இறங்கி, சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்தது. பிறகு, காத்து நின்ற தையல்காரியின் நிழலோடு சேர்ந்து ஊருக்குள் நடந்தது. ஊர் இருபுறமும் ஒதுங்கி வழிவிட்டது.

விமானத்தின் நிழல் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு குளிர்ச்சியான இடம் வேறில்லை என்பதால் வாரச்சந்தை அதற்குள் மாறிவிட்டது. இறக்கை நிழலில் காய்கறி, வால் நிழலில் மீன். தையல்காரியின் கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் ஆண் நிழல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். துணி கொடுக்க வருபவர்களிடம் அவள் தைப்பதை நிறுத்தாமலே சொல்வாள்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவர் கால்மேல நிக்கறீங்க.”

அவர்களும் தள்ளி நிற்பார்கள்.