நேர்கோட்டில் குட்டையான கோதுமை

கோதுமையைக் குட்டையாக்கும் மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூன்று வருடம் தேடி, கிருபாஷினி ஒருவழியாகக் கண்டுபிடித்திருந்தாள். தண்டு குட்டையாக இருந்தால் பயிர் காற்றில் சாயாது. டென்மார்க்கின் ஸ்கீவ ஊர்ப் பக்கத்துக் காற்றில் ஒருநாள் நின்றவர்களுக்கு அதன் அருமை புரியும். இப்போது அவள் இளம் இலையைச் சோதித்தே, இது நெட்டை, இது குட்டை என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவாள்.

2009 யூன் மாதம் அந்தச் சொல் பொய்த்தது. நெட்டை என்று அவள் குறித்த பாத்திகள் பல குட்டையாகவே நின்றன.

ஆய்வுத் தலைவர் ஹென்னிங் அவளை அறைக்கு அழைத்துத் தன் கையாலேயே கோப்பி ஊற்றிக் கொடுத்தார். ஏதோ கெட்ட செய்திதான் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஏப்ரலில் நீ இலை வெட்டிய நாட்களில்தான் உன் அண்ணனின் செய்தி வந்தது. மாதிரிகள் மாறியிருக்கலாம். யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். இந்த ஆய்வை இத்தோடு நிறுத்திவிடுவோம்," என்றார் டெனிஷில்.

அந்த இரக்கம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வன்னிப் போரில் அண்ணன் செத்தது உண்மை. அவள் அழுததும் உண்மை. அதற்காக இலை மாறிவிடுமா?

"முதலில் வயலைப் பார்ப்போம்," என்று எழுந்துவிட்டாள். ஹென்னிங் பின்னால் வந்தார்.

வயலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்தது. அவள் சொல் பொய்த்த பாத்திகள் எல்லாம் ஒரே பட்டையில், நூல் பிடித்தாற்போல் நின்றன. பட்டைக்கு வெளியே ஒவ்வொன்றும் அவள் சொன்ன உயரம். மரபணு இப்படி வரிசை கட்டி நிற்காது. மருந்தடிக்கும் ட்ராக்டர்தான் நேர்கோட்டில் போகும்.

ட்ராக்டர் ஓட்டும் தவராஜா கொட்டிலில் இருந்தார்.

"அண்ணை, மே மாதம் நான் சண்டையை நிப்பாட்டச் சொல்லிக் கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் போன நேரம் என்ரை வயலுக்கு ஏதும் அடிச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. சாஞ்சிடுமெண்டு தண்டைக் குறுக்கிற மருந்து அடிச்சனான். இங்கை கமக்காரர் எல்லாரும் அடிக்கிறதுதானே. நீர் இருந்த நிலைமையிலை இதையாவது செய்து தருவமெண்டு நினைச்சன். ஒரு பட்டை முடியவே மழை வந்திட்டுது."

"நல்ல உதவி. இனிமேல் ஒரு சொல் கேட்டிட்டுச் செய்யுங்கோ," என்றாள். அந்த மனுசனைக் கோபிக்க அவளால் முடியவில்லை.

ஹென்னிங்குக்கு அதை டெனிஷில் சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மன்னித்துக்கொள். அந்த நாட்களில் உன் மனம் இங்கே இருந்திருக்காது என்று நினைத்தேன்."

"இருக்கவில்லைத்தான்," என்றாள் கிருபாஷினி. "ஒவ்வொரு இலையையும் அழுதழுதுதான் வெட்டினேன். ஒன்றுகூட மாறவில்லை."