இடதுகால் சோல்

மீனம்மாள் வேட்டித் துணியைக் கிழித்து, நாகராசுவின் இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் கால் விறைத்துப் போவதற்குள் கட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

"இறுக்காதீங்க மதினி" என்றாள் நாகராசுவின் மனைவி அழகி.

"இனிமே வலிக்கப் போகுதாக்கும்" என்று மூக்கைச் சிந்தினாள் மீனம்மாள். ஆனாலும் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

விடிகிற நேரத்தில் டீ டம்ளரோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. சாயங்காலம் எடுப்பதாகப் பேச்சு.

மகள் கலைமதி அம்மாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு நான் போகலம்மா."

நாளைக் காலையில் புதுக்கோட்டை மைதானத்தில் போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு. கலைமதிக்கு வயது இதோடு சரி; அடுத்த தடவை மனுப் போட முடியாது. போன தடவை கடைச் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடி, கடைசி வளைவில் குதிகால் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்காகத்தான் நாகராசு அவளுக்கென்று ஒரு ஜோடிக்குப் புது அடி கட்டிக்கொண்டிருந்தார். வலது முடிந்துவிட்டது. இடதுக்கு அடி ரப்பர் ஒட்ட வேண்டியது பாக்கி.

"கேட்டியா, போகலன்னு அவளே சொல்றா" என்றாள் மீனம்மாள். "நாளைக்கிப் பாலு தெளிக்கிற வேலை கெடக்கு. அப்பன் சாம்பல் ஆறல, மக ஓட்டப்பந்தயத்துக்குப் போனாளாம். ஊரு சிரிக்காது?"

ஊர் சிரிப்பது அழகிக்குப் புதிதல்ல.

வெளியூர் ஷூ கம்பெனியில் சோல் அழுத்துகிற பிரிவில் வெகுகாலம் உழைத்துவிட்டு வந்தவர் நாகராசு. வந்து பார்த்தால் ஆலங்குடி ரோட்டில் காலையும் மாலையும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீசுக்கு, பட்டாளத்துக்கு. பாதிப்பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய ஷூவை வாங்கி அடியைப் பிய்த்துப் பார்ப்பார். "மெத்துன்னு இருந்தா ஒரு மாசத்துல செத்துரும். கெட்டியா இருந்தா எலும்பத் திங்கும்" என்பார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அவர்களுடைய ஷூவுக்குப் புது அடி கட்ட ஆரம்பித்தார். மேலே மெத்து ஷீட், நடுவில் கொஞ்சம் விறைப்பானது, அடியில் கெட்டி ரப்பர். எது எவ்வளவு கனம் என்பதில்தான் அவருக்கும் ஷூவுக்கும் சண்டை.

"கம்பெனியில சோல மடக்கி மடக்கிப் பாக்க மிஷின் இருக்கும். இங்க நீதான்டி என் மிஷினு" என்று, கடலை பிடுங்கிவிட்டு வந்த அழகியின் காலில் ஷூவை மாட்டிவிடுவார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் முந்திரிக்காட்டுச் சரளையில் ஓடுவாள். வேலிக்கு அங்கிட்டு நின்று பெண்கள், "அழகி, எவன் வீட்டுலடி திருடிட்டு ஓடுறே?" என்பார்கள்.

"எங்க இடிக்குது? முட்டியிலயா, குதியிலயா?"

"மானத்துலதான் இடிக்குது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அப்புறம் அவளுடைய காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சரளை எங்கே குத்தியது என்று விரலால் அழுத்தி அழுத்திக் கேட்பார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவள் காலைத் தொட்டதில்லை.

அழகி எழுந்தாள். கொல்லைப் பக்கம் ஏதோ காரியம் என்று பெண்கள் வழிவிட்டார்கள். தகரக் கொட்டகையில் இடதுகால் ஷூ கவிழ்ந்து கிடந்தது. கலைமதி காலை வெளிப்பக்கமாக ஊன்றி ஓடுகிறவள். அந்த ஓரம்தான் அவளுக்கு முதலில் தேயும். அங்கே மட்டும் தேயாத ரப்பர் ஒரு துண்டை அவர் பதித்து வைத்திருந்தார். மற்றதை அழகி அறிவாள். இத்தனை வருசமாகப் பசை தடவியது அவள் கைதான். இரண்டு பக்கமும் தடவிக் காயவைத்தாள். இனிச் சூடு காட்டி ஒட்ட வேண்டும். சூடு ஏறாத பசை ஓட்டத்தில் விட்டுவிடும். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது.

தெருவில் வைக்கோல் எரிகிற வாசனை வந்தது.

பந்தலுக்கு வெளியே தப்படிக்கிற தங்கமுத்து வைக்கோல் தீயில் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கையில் ஷூவோடு அழகி தெருவில் இறங்கியதும் பெண்களின் அழுகை ஒரு நிமிசம் நின்றுபோனது.

"இதுக்குக் கொஞ்சம் சூடு காட்டணும், தங்கமுத்து."

அவர் ஷூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தப்பைக் கீழே வைத்தார்.

"இங்கிட்டுக் குடுங்கக்கா. நீங்க புடிச்சாப் பொசுக்கிப்புடுவீங்க. எம்புட்டுச் சூடு?"

"கன்னத்துல வச்சாத் தாங்கணும். அவுக அப்படித்தான் பாப்பாக."

தோலைக் காட்டுகிற மாதிரியே அதையும் தழலுக்கு மேலே ஆட்டி ஆட்டிக் காட்டினார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம்" என்றார். பிறகு அவளிடம் நீட்டினார். அழகி கன்னத்தில் வைத்தாள். காலையிலிருந்து அவள் தொட்டவற்றில் அதுதான் சூடாக இருந்தது.

"நம்ம வீட்டுப் பயலும் அண்ணன் கட்டிக் குடுத்ததப் போட்டுத்தான் பட்டாளத்துல சேந்தான்" என்றார் தங்கமுத்து. "போங்கக்கா, ஆறிரும். நான் அடிக்கிறேன், அந்தச் சத்தத்தோட நீங்களும் அடிச்சுக்கங்க."

கொட்டகைக்குப் போய் அடியைப் பொருத்தினாள். தெருவில் தப்பு முழங்கியது. அந்த முழக்கத்துக்குள்ளேயே அவளுடைய சுத்தியலும் விழுந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது மீனம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"கலைமதியக் கேட்டியா? போவாளா?"

"போகச் சொல்லணும்."

"புருசன் கெடக்கான். நீ ஆணியடிச்சுக்கிட்டு இருக்கே."

"ஆணி இல்ல மதினி. பசைதான்."

மீனம்மாள் அந்த ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாரம் வைக்கிற பலகை கீழே கிடந்தது. கல்லைத் தேடிய அழகியை ஒதுக்கினாள்.

"தள்ளு. ஒன் கனத்துக்கு இது ஒட்டாது."

ஷூவின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, "எங்கூடப் பொறந்த தங்கமே" என்று அங்கேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அழுகையில் அவள் உடம்பு குலுங்கக் குலுங்கப் பலகை அழுந்தியது. அவள் இறங்குகிறவரை அழகி பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கலைமதி அந்த ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அழகி கதவுக்கு உள்ளேயே நின்றாள். பிணம் எடுத்தபின் கழுவிவிட்ட வாசல் இன்னும் ஈரமாகக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் சாணித் தண்ணீர் வாளியோடு மீனம்மாள் வெளியே வந்தாள். கையை விட்டு அள்ளியவள் நின்றுவிட்டாள். கோலம் போடக் கூடாத அந்த வாசலில், படியிலிருந்து ரோடு வரைக்கும், வரி வரியாகப் புதுத் தடம் போயிருந்தது.

மீனம்மாள் திரும்பி அழகியைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மட்டும் தெளித்துக்கொண்டு போனாள்.